உயர்தர வரலாறு: அமெரிக்கச் சுதந்திரப் போரின் காரணங்கள் பட்டியலாத்தான் வருது, ஆய்வா எழுதிறது எப்படி?

மல்லாவி மாணவி:
வணக்கம். கலைப்பிரிவில வரலாறு எடுத்திருக்கிறன். சீனிச் சட்டம், முத்திரைச் சட்டம், டவுன்செண்ட் வரிகள், தேயிலைச் சட்டம் எண்டு ஆண்டோட பாடமாக்கி வைச்சிருக்கிறன். ஆனா "காரணங்களை ஆராய்க" எண்டு வந்தா அந்த ஒழுங்கில அப்பிடியே கொட்டிவிடுறன். போன தவணைப் பேப்பரில "விபரிப்பு மட்டுமே" எண்டு சிவப்பால எழுதியிருக்கு. தேயிலைக்கு வரி கூட்டினதாலதானே பொஸ்டனில பெட்டிகளைக் கடலில போட்டவை? போர் முடிஞ்ச 1783க்குப் பிறகு அரசியலமைப்பு வரைக்கும் எவ்வளவு படிக்கவேணும்? மூல ஆவணங்களை எங்க பார்க்கலாம்? சிக்னல் வந்து வந்து போகும், வீடியோ இணைப்பு வேண்டாம்.

வவுனிக்குளத்தான்:
தங்கச்சி, சீ.ஆர். கொப்பியில ரெண்டு பக்கத்தையும் சேர்த்து விரிச்சு நாலு நிரல் கீறுங்கோ. முதலாவதில பிரித்தானியாவுக்கு அப்ப என்ன தேவை. ரெண்டாவதில அதுக்காகக் கொண்டுவந்த சட்டம். மூண்டாவதில குடியேற்றவாசிகள் என்ன செய்தவை. நாலாவதில இலண்டன் எதை விட்டுக்குடுத்தது, எதை விட்டுக்குடுக்கேல்லை. உங்கட பேப்பரில இல்லாதது இந்த நாலாவது நிரல்தான். அடுத்த நிரை அதில இருந்துதான் பிறக்கும்.

முத்திரைச் சட்டத்தை மட்டும் நிரப்பிக் காட்டுறன். ஏழாண்டுப் போர் 1763இல முடியேக்க பிரித்தானியாவின்ர கடன் ஏறத்தாழ ரெண்டு மடங்காயிட்டுது. அமெரிக்காவில பத்தாயிரம் அளவில படையும் வைச்சிருக்க நினைச்சவை. இது முதல் நிரல். 1765 மார்ச்சில சட்டம், நவம்பர் 1இல நடைமுறை. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பத்திரிகை, விளையாட்டுச் சீட்டுக்கட்டு எல்லாம் முத்திரை அழுத்தின தாளிலதான் வரவேணும். அந்தத் தாளுக்கு ஸ்டேர்லிங் நாணயத்தில காசு கட்டவேணும், மீறினா யூரிமார் இல்லாத கடற்படை நீதிமன்றத்திலயும் வழக்கு வைக்கலாம். நொத்தாரிசு, அச்சகக்காரன், வியாபாரி எண்டு எழுத்தும் வாயும் உள்ள ஆக்களைத்தான் இந்த வரி முதல்ல பிடிச்சது. எதிர்ப்பு அவ்வளவு கெதியாப் பரவினதுக்கு இது ஒரு காரணம், கட்டாயம் எழுதுங்கோ. மூண்டாவது நிரலில ஒக்டோபரில நியூயோர்க்கில 9 குடியேற்றங்கள் கூடினது, இறக்குமதிப் பகிஷ்கரிப்பு, முத்திரை முகவர்களை மிரட்டிப் பதவி விலக வைச்சது. நாலாவதில 1766 மார்ச்சில சட்டம் நீக்கம். ஆனா அதோட சேர்த்து, எந்த விடயத்திலயும் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றப் பாராளுமன்றத்துக்கு உரிமை இருக்கு எண்டு பிரகடனச் சட்டம். காசை விட்டிட்டு உரிமையைப் பிடிச்சு வைச்சினம். அந்த உரிமையைப் பாவிச்சு 1767இல பிரித்தானிய நிதியமைச்சர் டவுன்செண்ட் கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலைக்கு வரி போட, அடுத்த நிரை தன்ரபாட்டில வரும்.

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" எண்ட வசனத்தை எல்லாரும் எழுதுவினம். மற்றப் பக்கத்தையும் ஒரு வரி வையுங்கோ: ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரும் பேரரசு முழுவதையும் பிரதிநிதித்துவப்படுத்துறார் எண்டது இலண்டனின்ர பதில். மான்செஸ்டர், பேர்மிங்ஹாம் மாதிரி இடங்களுக்கே அப்ப தனி உறுப்பினர் இல்லை.

பாலைமர நிழல்:
தேயிலை பற்றிய உங்கள் வசனம் பிழை. 1773 தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது. வரி புதிதல்ல. 1770இல் டவுன்செண்ட் வரிகளில் மற்றவற்றை நீக்கியபோது, இறாத்தலுக்கு 3 பென்ஸ் தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். 1773இல் செய்தது, கிழக்கிந்தியக் கம்பனி பிரித்தானியாவில் கட்டவேண்டிய தீர்வையைத் திருப்பிக்கொடுத்து, தன் முகவர்கள் மூலம் நேரடியாக அமெரிக்காவில் விற்க விட்டது. கள்ளமாக வந்த டச்சுத் தேயிலையோடு மோதக்கூடிய விலை வந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் 3 பென்ஸையும் சேர்த்துக் கட்டியதாகும், அதாவது பாராளுமன்றத்தின் வரி உரிமையை வாயால் சொல்லாமலே ஏற்றதாகும். முகவர் நியமனம் கிடைக்காத உள்ளூர் வியாபாரிக்கு வயிற்றெரிச்சல் வேறு. விலை குறைந்தும் ஏன் கொதித்தார்கள் என்பதற்கு ஒரு பந்தி ஒதுக்கினால் போதும், "விபரிப்பு" என்று யாரும் எழுதமாட்டார்கள்.

திகதிக்கும் காரணம் உண்டு. தேயிலை ஏற்றிய டார்ட்மத் கப்பல் 1773 நவம்பர் 28இல் பொஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது. 20 நாளைக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைக் கைப்பற்றலாம். ஆளுநர் கப்பலைத் திரும்பிப்போக விடவில்லை. கெடு முடிவதற்கு முதல் இரவுதான் டிசம்பர் 16. துறைமுகத்தில் நின்ற மூன்று தேயிலைக் கப்பல்களிலும் இருந்த 342 பெட்டிகளை உடைத்துத் தண்ணீரில் கொட்டினார்கள். அது சீனத் தேயிலை. "இலங்கைத் தேயிலை" என்று எழுதிவிடாதீர்கள், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகமாகப் பயிரிடத் தொடங்கியதே 1867இல்.

இந்திய வரலாறும் படிப்பவர் என்றால், கம்பனியின் இந்திய ஆட்சியைப் பாராளுமன்றக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த ஒழுங்குபடுத்தும் சட்டமும் இதே 1773தான். கடனில் அமிழ்ந்த அதே கம்பனியைத் தூக்கிவிட எடுத்த இரண்டு நடவடிக்கைகள் இவை. ஒன்று கல்கத்தாவுக்குப் போனது, மற்றது பொஸ்டனுக்கு.

மாங்குளம் சந்தி:
1783க்குப் பிறகு எவ்வளவு எண்டு கேட்டீங்கள். அமெரிக்காவின்ர முதல் அரசியலமைப்பான கூட்டிணைவு விதிகள் ஏன் தோத்தது எண்டதை விளங்கினால் மிச்சம் லேசு. 1781இல நடைமுறைக்கு வந்தது. மத்திய பேரவைக்கு வரி போட அதிகாரம் இல்லை, மாநிலங்களிட்டக் கேட்டு வாங்கவேணும். முக்கிய விடயங்களுக்கு 13இல 9 சம்மதம், விதியைத் திருத்த 13உம் வேணும். 1786இல மேற்கு மசாசூசெட்ஸில கடனாலயும் வரியாலயும் காணி பறிபோற கமக்காரர் நீதிமன்றங்களை மறிச்சினம், அதுதான் ஷேய்ஸ் கிளர்ச்சி. பேரவையிட்டப் படைக்குக் காசில்லை. கடைசியில தனியார் வியாபாரிகளின்ர காசில மாநிலம் படை திரட்டினது. இந்த ஒரு சம்பவத்தை வைச்சே 1787 பிலடெல்பியா மாநாட்டுக்குப் பாலம் போடலாம்.

மாநாட்டில 55 பேர், கையெழுத்து வைச்சது 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பேல்லை. பெரிய மாநிலம், சின்ன மாநிலம் சண்டையைத் தீர்த்ததுதான் ரெண்டு சபை: பிரதிநிதிகள் சபை சனத்தொகைப்படி, செனட்டில மாநிலத்துக்கு ரெண்டு பேர். அடிமைகளை ஐந்தில மூண்டு பங்கா எண்ணினதைச் சும்மா "சமரசம்" எண்டு எழுதி விடவேண்டாம். அடிமைகளுக்கு வாக்கில்லை, அவையின்ர தலையை எண்ணிக் கூடின ஆசனம் எடுத்தது தென்மாநில முதலாளிமார். உரிமைகள் மசோதா 1787 மூலத்தில இல்லை. அது அரசியலமைப்பின்ர முதல் பத்துத் திருத்தம், வந்தது 1791இல. இதில கனபேர் சறுக்குவினம்.

மல்லாவி மாணவி:
நன்றி சேர்மார். ஆவணம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சுதந்திரப் பிரகடனம் முழுக்க வாசிக்கவேணுமா? 1776 யூலை 4இல கையெழுத்திட்டது எண்டு எழுதினால் சரிதானே?

பாலைமர நிழல்:
யூலை 2 சுதந்திரத் தீர்மானத்துக்கு வாக்கு, 4 பிரகடன வாசகம் ஏற்கப்பட்டது, பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஓகஸ்ட் 2. "யூலை 4இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதுங்கள்.

வாசிக்க யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் அவலன் புரொஜெக்ட் தளம் போதும். ஆங்கிலத்தில்தான் உண்டு, ஆனால் வெறும் எழுத்து, டேட்டா கொஞ்சமும் தின்னாது. சிக்னல் உள்ள இடத்தில் பக்கத்தைச் சேமித்துவிட்டு வீட்டில் வாசியுங்கள். முதல் இரண்டு பந்தியையும் கடைசிப் பந்தியையும் அகராதியோடு உட்கார்ந்து நீங்களே தமிழில் எழுதுங்கள். நடுவில் 27 குற்றச்சாட்டுகள். அவற்றில் ஆறேழு போதும், வரியும் யூரியும் படையும் வரும் இடங்களைத் தெரியுங்கள். பெரும்பாலானவை "அவர்" என்று தொடங்குவதைக் கவனியுங்கள். அந்த அவர் மூன்றாம் ஜோர்ஜ். பத்து வருடம் பாராளுமன்றத்தோடு மல்லுக்கட்டியவர்கள் ஏன் மன்னரைக் குற்றம் சாட்டுகிறார்கள்? பாராளுமன்றத்துக்குத் தங்கள்மேல் அதிகாரமே இல்லை என்று அதற்குள் முடிவுகட்டிவிட்டார்கள். அறுக்க மிஞ்சியிருந்த கயிறு மன்னரோடு இருந்த ஒன்றுதான்.

வவுனிக்குளத்தான்:
ஒண்டு விட்டுப்போச்சு. 1777இல அமெரிக்கர் சரட்டோகாவில வெண்ட பிறகு 1778இல பிரான்ஸ் அவையோட சேர, போர் உலகம் முழுக்கப் போயிட்டுது. 1780 கடைசியில ஒல்லாந்தரோடயும் பிரித்தானியா போருக்குப் போக, 1782 ஜனவரியில திருகோணமலையைப் பிடிச்சது. அதே வருசம் ஓகஸ்டில பிரெஞ்சுத் தளபதி சுப்ரோன் அதைப் பறிச்சார். பிறகு சமாதானத்தில ஒல்லாந்தருக்கே திரும்பிப் போனது. "போரின் விளைவுகள்" எண்டு கேட்டா இலங்கைப் பகுதியில படிச்சதை இங்க ரெண்டு வரியில கொண்டுவாங்கோ, அதுக்கு மேல வேண்டாம். 1781 யோர்க்டவுணில சரணடைஞ்ச பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ்தான் பிறகு வங்காளத்தில 1793 நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர். ரெண்டு பேர் எண்டு நினைச்சுப் படிக்கிற பிள்ளைகள் இருக்கினம்.