படையல் குழுவில் ஒரு வெள்ளைக் கரடி

குழு: செந்தூல் கருப்பையா குடும்பம்

புதன், இரவு 8:04

ராஜி அத்தை: ஞாயிறு அப்பாவுக்குப் படையல். 11 மணிக்கு எல்லாரும் செந்தூல் வீட்டில் இருக்க வேண்டும். யார் எதைக் கொண்டுவருவது என்று இன்றைக்கே பேசி முடித்துவிடலாம். போன வருடம் மாதிரி மூன்று வீட்டிலிருந்து கேசரி வரக்கூடாது.

செல்வம்: நான்காவது கேசரி என் காரிலேயே இருந்தது.

ராஜி அத்தை: தெரியும். வாசனை வந்தது.

சாந்தி சித்தி: இந்த முறையாவது சைவமாக வைக்கலாமே அண்ணி.

ராஜி அத்தை: பட்டறையில் வேலை பார்த்த காலம் முழுக்க, சம்பள நாளில் ஈரல் வாங்காமல் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததில்லை. படையல் அவருக்கா, நமக்கா?

சாந்தி சித்தி: சரி.

குமரன்: அம்மாவின் "சரி" வந்துவிட்டது. இன்றிரவு எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

கலைவாணி: நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தர்ஷினி நாளைக் காலை வகுப்பில் பேச வேண்டுமாம். அறிவியல் பாடம், விலங்குகளின் நீடுநிலவல், அதாவது இனம் அழியாமல் பிழைத்திருப்பது. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்குத் துருவக்கரடி விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்காரும் பையனுக்கு ஆமை. ஐந்து நிமிடம் பேச வேண்டும். போன வாரமே சொல்லிவிட்டார்களாம், இவள் இப்போதுதான் வாயைத் திறக்கிறாள். யாருக்காவது ஏதாவது தெரியுமா?

செல்வம்: கலை, சீக்கிரம் அழித்துவிடு. பெரியப்பா பார்ப்பதற்குள்.

மாணிக்கம் பெரியப்பா: பார்த்துவிட்டேன்.

மாணிக்கம் பெரியப்பா: கலை, பேனாவை எடுத்துக்கொள். முதலில் ஒன்று தெளிவாகட்டும். துருவக்கரடி வெள்ளைக் கரடி அன்று. அதன் தோல் கறுப்பு. முடிக்கு நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி. வெளியே இருக்கும் நீண்ட முடி உள்ளே குழல்போல வெறுமையாக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் பஞ்சு மாதிரி இன்னோர் அடுக்கு முடி. அதற்கும் கீழே, தோலுக்கு அடியில், 10 சென்டிமீட்டர் வரை கொழுப்பு. வெப்பத்தைக் காட்டும் கேமராவில் படம் எடுத்தால் முகமும் மூச்சும்தான் தெரியும், உடம்பு பனியோடு பனியாக மறைந்துவிடும். சூடு வெளியே கசிவது அவ்வளவு குறைவு. இன்னொரு அதிசயம், அந்தக் குழல் முடி சூரிய ஒளியை ஒளியிழைபோல வாங்கித் தோலுக்குக் கடத்துகிறது, அதனால்தான்

குமரன்: பெரியப்பா, கடைசி வரி தவறு.

மாணிக்கம் பெரியப்பா: எந்த வரி?

குமரன்: ஒளியிழைக் கதை. 1998இல் டேனியல் கூன் என்ற இயற்பியலாளர் முடியைச் சோதித்தே பார்த்துவிட்டார். புற ஊதா ஒளி தோல்வரை போய்ச் சேர்வதே இல்லை. முடி வழியிலேயே விழுங்கிவிடுகிறது.

செல்வம்: 1994 பள்ளி விடுமுறையில் செந்தூல் வீட்டு வாசலில் சாக்கட்டியால் படம் போட்டு எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

மாணிக்கம் பெரியப்பா: அப்போது அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

கலைவாணி: எழுதியதை அடித்துவிட்டேன்.

மாணிக்கம் பெரியப்பா: நான் ஓய்வு பெற்றது 2007. அப்படியானால் ஒன்பது வருடம் தவறாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே இருக்கிறார்களோ.

ராஜி அத்தை: [படம்: பனிக்கட்டிமேல் கரடியும் பென்குயினும் கைகோத்து நிற்கின்றன]

ராஜி அத்தை: தர்ஷினி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அழகாக இருக்கிறது.

மாணிக்கம் பெரியப்பா: ராஜி, அது இரண்டும் ஜென்மத்துக்கும் சந்திக்காது. கரடி வடக்கே. பென்குயின் தெற்கே.

ராஜி அத்தை: நீங்களும் தங்கராசு மச்சானும் மாதிரியா?

மாணிக்கம் பெரியப்பா: அது வேறு விஷயம்.

பாட்டி: [குரல் பதிவு, 0:48]

ராஜி அத்தை: அம்மா கேட்கிறார்கள், சிங்கப்பூரில் பச்சையாக இருந்ததே, அந்தக் கரடியா என்று.

செல்வம்: நான் பார்த்தபோது வெள்ளைதான். நன்றாக நினைவிருக்கிறது. நின்று பார்க்க எனக்கு 40 நிமிடம் கிடைத்தது.

கலைவாணி: ஆரம்பித்துவிட்டார் அண்ணன்.

மாணிக்கம் பெரியப்பா: 25 நிமிடம்.

செல்வம்: அழுதவன் நான். கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

மாணிக்கம் பெரியப்பா: அம்மா சொல்வதும் சரி. நாம் போனது 1996. அந்தக் கரடியின் பெயர் இனுக்கா. 1990இல் அந்த விலங்ககத்திலேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி அதுதான். 2004இல் அதுவும் அதன் தாய் ஷீபாவும் பச்சையாகிவிட்டன, நாளிதழில் படம் வந்தது, அம்மா பார்த்தது அந்தப் படம். முடி உள்ளே வெறுமை என்றேன் அல்லவா? நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் குழலுக்குள் பாசி குடியேறிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள். 2018இல் மூப்பும் நோயும் தாங்காத நிலைக்கு வந்ததும் ஊசி போட்டு உறங்க வைத்துவிட்டார்கள். வயது 27. கடலில் உறைந்த பனியை அது ஒரு நாளும் மிதித்ததில்லை.

சாந்தி சித்தி: பாவம்.

கலைவாணி: பெரியப்பா, ஐந்து நிமிடம்தான். நீடுநிலவல் மட்டும் போதும்.

குமரன்: அக்கா கல்யாண விருந்திலும் ஐந்து நிமிடம் என்றுதான் ஒலிவாங்கியைக் கொடுத்தோம்.

தினேஷ்: கோழி ஆறிவிட்டது. நினைவிருக்கிறது.

செல்வம்: மாப்பிள்ளை பேசிவிட்டார்!

ராஜி அத்தை: ஈரல் மூன்று கிலோ போதுமா? யார் வாங்குகிறீர்கள்?

மாணிக்கம் பெரியப்பா: ஈரல் என்றதும் நினைவு வருகிறது. துருவக்கரடி ஈரலை மட்டும் மனிதன் தொடக்கூடாது. வைட்டமின் ஏ அதில் அவ்வளவு குவிந்திருக்கிறது, விஷம்தான். 1597இல் டச்சுக் கடலோடி வில்லெம் பாரன்ட்சின் ஆட்கள் வடக்கே பனியில் மாட்டிக்கொண்டபோது சமைத்துத் தின்றுவிட்டார்கள். நோயில் விழுந்து, தோல் தலையிலிருந்து கால்வரை உரிந்தது. அங்கேயே காலங்காலமாக வாழும் இனுயிட் மக்கள் கரடி இறைச்சியைச் சாப்பிடுவார்கள், ஈரலைத் தொடமாட்டார்கள்.

ராஜி அத்தை: நான் ஆட்டு ஈரலைக் கேட்டேன் அண்ணா.

சாந்தி சித்தி: எந்த ஈரலும் விஷம்தான்.

ராஜி அத்தை: சரி.

குமரன்: இப்போது அத்தையின் "சரி".

இரவு 9:11

மாணிக்கம் பெரியப்பா: கலை, சாரம் இதுதான். கரடி பலத்தால் பிழைக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆண் கரடி 500 கிலோவையும் தாண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது பிழைப்பது காத்திருப்பதால். பனிக்கு அடியில் நீந்தும் கடல்நாய் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதற்காகத் தன் நகத்தால் பனியைச் சுரண்டி ஓட்டைகளைத் திறந்தே வைத்திருக்கும். கரடி அதை மோப்பத்தால் கண்டுபிடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வாடை தெரியும். ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், இல்லையென்றால் படுக்கும். அசையாது. மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால் கொழுப்பைத்தான் முதலில் தின்னும், சதையை நரிக்கு விட்டுவிட்டும் போகும். கொழுப்பு உடம்பில் எரியும்போது அதிலிருந்தே தண்ணீரும் கிடைக்கிறது. சுற்றிலும் உப்புக்கடலும் உறைபனியும் இருக்கும் இடத்தில் அதுதான் கிணறு.

ராஜி அத்தை: அப்பாவும் கொழுப்பைத்தான் முதலில் எடுப்பார்.

செல்வம்: சதையை எனக்குத் தள்ளிவிடுவார். நான் நரி.

கலைவாணி: இது நன்றாக இருக்கிறது. எழுதிக்கொண்டேன்.

சாந்தி சித்தி: குட்டிகள் எப்படிப் பிழைக்கும்?

குமரன்: அம்மாவா கேட்பது?

மாணிக்கம் பெரியப்பா: நல்ல கேள்வி சாந்தி. மற்ற சில கரடிகள் மாதிரி எல்லாத் துருவக்கரடியும் குளிரில் உறங்கப் போவதில்லை. கருவுற்ற பெண் கரடி மட்டும்தான் பனிமேட்டைத் தோண்டி உள்ளே போகும். நடுக்குளிரில் பிரசவம், பெரும்பாலும் இரட்டை. குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 600 கிராம். கண் திறந்திருக்காது. மார்ச், ஏப்ரல் வரை உள்ளேயே பால் குடிக்கும். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் கடல் பனி கோடையில் முழுதும் உருகிவிடுவதால், அங்கே தாய் கரையேறியதிலிருந்து குட்டிகளோடு மறுபடி பனிக்குத் திரும்பும் வரை எட்டு மாதம்கூட ஒன்றும் தின்னாது.

சாந்தி சித்தி: எட்டு மாதமா? பாலும் கொடுத்துக்கொண்டா?

மாணிக்கம் பெரியப்பா: ஆமாம்.

குமரன்: அம்மா சஷ்டிக்கு ஆறு நாள் இருந்துவிட்டு எங்களை ஆறு மாதம் குத்திக்காட்டுவார்கள்.

சாந்தி சித்தி: குமரன், வெளியே வா.

செல்வம்: கூடத்தில் நடப்பதைக் குழுவிலும் போடவும்.

குமரன்: நான் ஒன்று சேர்க்கிறேன். 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே போபர்ட் கடலில் ஒரு பெண் கரடிக்குக் கழுத்துப் பட்டை மாட்டிக் கண்காணித்தார்கள். பனி விலகிப் போய்விட்டதால் ஒன்பது நாள் நிற்காமல் நீந்தியிருக்கிறது. 687 கிலோமீட்டர். பெரியப்பா கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் பட்டர்வொர்த் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். உடல் எடையில் 22 விழுக்காடு போய்விட்டது.

சாந்தி சித்தி: குட்டி இருந்ததா?

குமரன்: ஒரு வயதுக் குட்டி. கரைக்கு வந்து சேரவில்லை.

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாணிக்கம் பெரியப்பா: படித்துவிட்டேன் செல்வம்.

மாணிக்கம் பெரியப்பா: அன்றைக்கு நான் எண்ணாமல் கிளம்பவில்லை. பஸ்ஸுக்குள் நின்று எண்ணினேன். பதினொன்று வந்தது. என்னை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

செல்வம்: விளையாட்டுக்குப் போட்டேன் பெரியப்பா. விடுங்கள்.

பாட்டி: [குரல் பதிவு, 1:32]

ராஜி அத்தை: அம்மா சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்குத் திரும்ப ஓடிப் போனவர் அப்பாதானாம். ஒரு செருப்போடு.

செல்வம்: ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

கலைவாணி: தர்ஷினி என் கைப்பேசியைக் கேட்கிறாள்.

கலைவாணி: தாத்தா நான் தர்ஷினி. பனி இல்லை என்றால் கரடி தரையில் மான் பிடிக்கக் கூடாதா

மாணிக்கம் பெரியப்பா: பிடிக்கப் பார்க்கும் கண்ணு. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடினாலே அதற்குச் சூடு தாங்காது. பறவை முட்டை, பழம் எல்லாம் தின்று பார்க்கிறது. கடல்நாய்க் கொழுப்புக்கு அது ஈடாகாது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016இல் 842 இருக்கும் என்று கணித்தார்கள், 2021இல் 618. பனி சீக்கிரம் உருகுகிறது, தாமதமாக உறைகிறது. பட்டினி நாள் கூடுகிறது. சர்ச்சில் என்ற ஊரில் அக்டோபர், நவம்பரில் கரையோரம் வந்து கடல் உறையக் காத்துக்கிடக்கும். ஊருக்குள்ளும் வந்துவிடும் என்பதால் அங்கே பலர் கார்க் கதவைப் பூட்டுவதில்லை, யாராவது ஓடிவந்தால் ஏறிக்கொள்ளட்டும் என்று.

ராஜி அத்தை: இங்கே பூட்டாவிட்டால் காரே இருக்காது.

கலைவாணி: போதும், போதும். குழந்தை தூங்க வேண்டும். நன்றி பெரியப்பா.

மாணிக்கம் பெரியப்பா: பாதத்தைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. 30 சென்டிமீட்டர் அகலம். பனியில் வழுக்காமல் இருக்க அடியில் சின்னச் சின்னப் புடைப்புகள்

கலைவாணி: இரவு வணக்கம்.

வியாழன், பிற்பகல் 1:52

ராஜி அத்தை: என்ன ஆயிற்று பேச்சு?

கலைவாணி: தோல் கறுப்பு என்றதும் வகுப்பே சிரித்ததாம். இவள் விடவில்லை. பிறகு கடல்நாய் ஓட்டைக்குப் பக்கத்தில் கரடி எப்படி நிற்கும் என்று காட்டுகிறேன் என்று சொல்லி, அசையாமல் நின்றிருக்கிறாள். ஒரு நிமிடம். ஆசிரியை இவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, பரவாயில்லை உட்கார் என்று சொல்லிவிட்டார்.

செல்வம்: உட்கார்ந்தாளா?

கலைவாணி: "இன்னும் கடல்நாய் வரவில்லை டீச்சர்" என்றாளாம்.

மாணிக்கம் பெரியப்பா: சரியான விடை.

குமரன்: ஆமைப் பையன்?

கலைவாணி: முழு மதிப்பெண்.

சாந்தி சித்தி: தர்ஷினிக்கு ஞாயிறு நான் பால் பாயசம் வைக்கிறேன். குட்டிகளுக்கு மட்டும்.

ராஜி அத்தை: நல்லது. ஈரல் யார் என்று இன்னும் சொல்லவில்லை. நாற்காலி 30 வேண்டும், கூடாரம் வேண்டுமா இல்லையா? வெயில் தாங்காது. அண்ணன் சனிக்கிழமை மாலை கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார், யார் போய் ஏற்றி வருவது?

தினேஷ்: எனக்கு அன்று இரவு வேலை.

குமரன்: என் காரில் ஏர்கான் இல்லை.

மாணிக்கம் பெரியப்பா: நான் டாக்சி பிடித்து வந்துவிடுவேன். யாரும் அலைய வேண்டாம்.

செல்வம்: நான் வருகிறேன். 40 நிமிடம் தாமதமாக.

மாணிக்கம் பெரியப்பா: 25.

ராஜி அத்தை: நாற்காலி?

செல்வம்: கேசரி நான்.