தீவு, திட்டு, தனிமேடை, நடுமேடை: அடுக்களைக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

சமையலறையின் நடுவே, எந்தச் சுவரையும் தொடாமல், நான்கு புறமும் நடக்க இடம் விட்டு அமைக்கப்படும் மேடைக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற கேள்விக்கு இதுவரை 'சமையலறைத் தீவு', 'திட்டு', 'தனிமேடை' என்னும் மூன்று சொற்கள் வந்துள்ளன. நாகர்கோவில், தக்கலைப் பகுதிகளில் வீட்டுக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டு வருபவன் என்ற முறையில் நான்காவதாக 'நடுமேடை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். இந்தப் பெயரோடு சேர்ந்து வேறு சில சொற்களையும் நாம் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. உயரத்தையும் மேற்பலகையையும் குறிக்கும் சொற்கள் தெளிவாக இல்லாவிட்டால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலைத்தளத்தில் பயன்படாது.

'தீவு' என்பது 'ஐலண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. அதை ஏற்றால், ஒரு முனை மட்டும் சுவரோடு சேர்ந்திருக்கும் மேடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெனின்சுலா' என்ற பெயரையும் 'தீபகற்பம்' என்று பெயர்க்க நேரும். எங்கள் மாவட்டத்தில் கொத்தனாரும் வீட்டுக்காரரும் 'அடுப்பு மேடை', 'சமையல் மேடை' என்று ஏற்கெனவே சொல்லி வருகிறார்கள். அந்த மேடையை அடிச்சொல்லாகக் கொண்டால் சுவரை ஒட்டி நீள்வது சுவர்மேடை, ஒரு முனை மட்டும் சுவரைத் தொடுவது ஒட்டுமேடை, எதையும் தொடாதது நடுமேடை என்று மூன்றும் ஒரே குடும்பமாக அமைந்துவிடுகின்றன. 'திட்டு' என்ற சொல்லின் மீது எனக்கு உண்மையான பற்று உண்டு. ஆற்று நடுவே மேடிட்டு நிற்கும் நிலத்தைக் குறிக்கும் பழகிய சொல் அது. ஆயினும் பேச்சில் அது வசவையும் குறிப்பதால், மதிப்பீட்டுத் தாளில் 'திட்டுக்கு இவ்வளவு செலவு' என்று எழுதும்போது பொருள் தடுமாறும். 'தனிமேடை' வீட்டின் எந்த அறையிலும், முற்றத்திலும்கூட இருக்கலாம். நடுமேடை எப்போதும் அறையின் சரிபாதியில் இராது என்று ஒரு நண்பர் மறுக்கக்கூடும். நடு என்பதை அளவுகோலின் மையமாகக் கொள்ளாமல், சுற்றிலும் வழி சூழ்ந்த இடமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். அமெரிக்கத் தேசியச் சமையலறை, குளியலறைக் கழகத்தின் வழிகாட்டி, ஒருவர் சமைக்கும் அறையில் வேலை நடக்கும் வழிக்கு 42 அங்குலமும், ஒருவருக்கு மேல் சமைத்தால் 48 அங்குலமும் வேண்டும் என்கிறது. அந்த அகலத்துக்கு இடமில்லாத அறையில் நடுமேடையே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி உயரம். ஆங்கில நூல்களில் 36 அங்குலம் என்ற அளவு சட்டம்போல் எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே மொழிபெயர்த்து இங்கே கொண்டுவருவது சரியன்று. நின்றுகொண்டு காய் நறுக்குவதற்கு ஏற்ற உயரம், முழங்கை மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே அமைய வேண்டும். முழங்கை உயரம் பொதுவாக ஆளின் மொத்த உயரத்தில் 100க்கு 63 பங்கு. அதன்படி 5 அடி, அதாவது 152 சென்டிமீட்டர், உயரமுள்ள ஒருவரின் முழங்கை சுமார் 96 சென்டிமீட்டரில் இருக்கும். அவருக்குரிய மேடை 81 முதல் 86 சென்டிமீட்டர், அதாவது 32 முதல் 34 அங்குலம். எங்கள் ஊர்க் கொத்தனார்கள் எந்த நூலையும் பாராமல் சமையல் மேடையை 32, 33 அங்குலத்தில் கட்டி வந்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. மாவு பிசையவும் தேங்காய் துருவவும் தோளின் வலு வேண்டியிருப்பதால் இன்னும் சற்றுத் தாழ்வே நலம். தரையில் திருவலைக்குற்றி என்னும் துருவல் கட்டையில் அமர்ந்து துருவிய காலத்தில் உடலின் எடையே அந்த வலுவைத் தந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் சொல் தவறியதால் நேர்ந்த ஒரு பிழையை இங்கே சொல்ல விரும்புகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் சமைப்பவர் ஐந்தரை அடி உயரமானவர் என்பதால் நடுமேடையின் உயரம் 36 அங்குலம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தரையில் அப்போது கான்கிரீட் மட்டுமே இருந்தது. கொத்தனார் அதிலிருந்தே அளந்து, கல்லின் தடிமனையும் சேர்த்து, சரியாக 36 அங்குலத்துக்குக் கட்டி முடித்தார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரையை 2 அங்குலம் உயர்த்தியபோது மேடை 34 அங்குலமாகத் தாழ்ந்துவிட்டது. அந்த அம்மா குனிந்தே நறுக்க வேண்டிவந்து, கடைசியில் 2 அங்குலத் தடிமனுள்ள பலாப்பலகை ஒன்றை மேலே இட்டுத்தான் சரிசெய்தோம். கொத்தனாரிடம் குறையில்லை. எந்தத் தரையிலிருந்து என்று நான் எழுதவில்லை. ஆகவே 'முடிதரை மட்டம்' என்ற சொல்லையும் ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்துகிறேன். மட்டம் கொத்தனாரின் சொல், முடிதரை நாம் சேர்ப்பது. 'நடுமேடை உயரம்: முடிதரை மட்டத்திலிருந்து மேற்பலகையின் மேல்முகம் வரை' என்று வரையறுத்தால் இந்தப் பிழைக்கு இடமிருக்காது.

மேலே இடப்படும் கல்லுக்கு 'மேற்பரப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பரப்புக்குத் தடிமன் கிடையாது. நாம் பேசும் பொருளுக்குத் தடிமன், விளிம்பு, மூலை, எடை எல்லாம் உண்டு. கற்பலகை என்பது நம் வழக்கில் இருப்பதால் கல்லானாலும் மரமானாலும் 'மேற்பலகை' பொருந்தும். எந்தக் கல் என்பதில் எனக்கு ஐயமில்லை. புளிக்கரைசலும் மோரும் எலுமிச்சைச் சாறும் தினமும் சிந்தும் அடுக்களையில் சலவைக்கல் அமிலத்தால் அரித்து மங்கிவிடும், கிரானைட் தாங்கும். மரப்பலகை வேண்டுவோர், இரண்டு பருவமழையும் பெறும் இந்த மாவட்டத்தின் ஈரத்தை எண்ணிப் பார்த்து, ஒரு பகுதிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மேற்பலகை அதைத் தாங்கும் அடிக்கட்டுமானத்தைத் தாண்டி வெளியே நிற்கும் பகுதிக்கு 'இறவாரம்' என்று ஒரு நண்பர் தந்த சொல் என்னை மிகவும் கவர்ந்தது. ஓட்டு வீட்டின் கூரை சுவரைத் தாண்டி நிற்பதுபோல்தான் இதுவும் நிற்கிறது. ஆனால் இறவாரம் மழைநீரை வெளியே தள்ளுவதற்காகச் சரிந்திருப்பது. இதுவோ அமர்பவரின் முழங்காலுக்கு இடம் தருவதற்காகச் சமமாக நீள்வது. அந்த இடத்தின் ஆழம் மேடையின் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறது. முன் சொன்ன வழிகாட்டியின்படி 30 அங்குல உயரத்துக்கு 18, 36 அங்குலத்துக்கு 15, 42 அங்குலத்துக்கு 12 அங்குலம் வேண்டும். உயரமான இருக்கையில் கால் தொங்குவதால் முழங்கால் முன்னே நீள்வது குறைகிறது. நம் அளவான 33 அங்குலத்துக்கு 16, 17 அங்குலம் விட வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் கிரானைட்டைத் தாங்கி இல்லாமல் நீட்டக் கூடாது. இறவாரம் என்ற சொல் சரிவைக் குறிப்பதால், இப்போதைக்கு இதை 'முன்நீட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதில் எனக்கு முழு நிறைவு இல்லை. வரும் வாரம் நாகர்கோவிலில் கல் அறுத்து இழைப்பவர்களைச் சந்திக்கப் போகிறேன். வெளியே நிற்கும் அந்தப் பகுதியைத் தங்களுக்குள் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். அதுவரை நடுமேடை, முடிதரை மட்டம், மேற்பலகை ஆகிய மற்ற மூன்று சொற்கள் குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.