150 நிமிடப் படம் 144 நிமிடம் ஓடுவது வெட்டா, வேகமா?

சுருள்பெட்டி:
பக்கத்து இழையில முழுநீளம்ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து பொறுக்கல. அவர் சொன்னது இது: "பழைய படங்களோட டிவிடி எதை எடுத்தாலும் வெட்டுதான். 150 நிமிடப் படம் 144 நிமிடம்தான் ஓடுது. 6 நிமிடத்தை முழுங்கிட்டாங்க." கீழே வரிசையா ஆமாம் ஆமாம்னு தலையாட்டல் வேற. ஒருத்தராவது கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?

பிலிம் ஓடுறது விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) வீடியோ ஓடுறது 25. பிலிமை வீடியோ ஆக்குற டெலிசினிக் கருவியில ஏத்தும்போது அந்த ஒரு ஃபிரேம் வித்தியாசத்துக்காகப் படத்தையே கொஞ்சம் வேகமா ஓட்டிடுவாங்க. 150-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுங்க. 144. 2 மணி நேரப் படம்னா 115 நிமிடம் 12 விநாடி. 150 நிமிடப் படத்துல 2,16,000 ஃபிரேம். அத்தனையும் டிஸ்க்ல இருக்கு, 6 நிமிடம் சீக்கிரமா முடியுது, அவ்வளவுதான். டிஸ்க்ல குறையே இல்லைன்னு சொல்ல வரல. ஆனா செய்யாத குத்தத்துக்குத் திட்டினா, செஞ்ச குத்தம் தப்பிச்சிரும்.

முழுநீளம்:
வாங்க வாத்தியாரே, வகுப்பு எடுக்காம இருக்க முடியாதே உங்களால. நான் சொன்ன டிஸ்க் எல்லாம் அமெரிக்க டிவி முறையான என்.டி.எஸ்.சி. உறையிலயே அச்சடிச்சிருக்கு. அதுல 25 ஃபிரேமே கிடையாது, 29.97. 24 ஃபிரேம் படத்தை ஃபீல்டு (ஒரு ஃபிரேமோட பாதிக் கோடுகள்) திருப்பிப் போட்டு நிரப்புவாங்க, ஓடுற நேரம் மாறாது. சொல்லப்போனா 150 நிமிடத்துக்கு 9 விநாடி கூடத்தான் வரணும். அப்போ அந்த 6 நிமிடம் எங்க போச்சு?

சுருள்பெட்டி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். உறையில என்ன அச்சடிச்சிருக்குங்கிறதை விடுங்க, மாஸ்டர், அதாவது டிஸ்க்குக்கு மூலமான பதிவு, எதுன்னு பாருங்க. முதல்ல பால் டேப்புக்கு ஏத்தியாச்சு. அங்கேயே 144 ஆயிடுச்சு. பின்னால அந்த டேப்பைக் கன்வர்ட்டர்ல போட்டு என்.டி.எஸ்.சி. ஆக்கினா 144 நிமிடம் 144-ஆவேதான் இருக்கும். போன வேகம் திரும்பி வராது.

சோதிக்க ரெண்டு நிமிடம் போதும். வி.எல்.சி. பிளேயர்ல, ஃபீல்டுக் கோடுகளை மறைக்கிற டீஇன்டர்லேஸை அணைச்சிட்டு, யாராவது கையை வீசுற இடத்துல நிறுத்தி, ஈ விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்துங்க. பிலிம்ல இருந்து நேரா என்.டி.எஸ்.சி.க்கு வந்ததுன்னா அஞ்சு ஃபிரேம்ல மூணு சுத்தமா இருக்கும், ரெண்டுல சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதே கணக்கு மாறாம திரும்பத் திரும்ப வரும். பால்ல இருந்து மாத்தினதுன்னா அந்தக் கணக்கே இருக்காது. ஒரு கை அழுத்தமா, பக்கத்துலயே இன்னொரு கை மங்கலா, ஆவி மாதிரி தெரியும். அந்த ரெண்டாவது கையைப் பார்த்துட்டா 6 நிமிடம் எங்க போச்சுன்னு கேக்க மாட்டீங்க.

மோனோமணி:
சுருள்பெட்டி அண்ணன் சொல்றது சரி. காதாலயும் பிடிக்கலாம். 24-ஐ 25 ஆக்கினா சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவா ஏறும். 440 ஹெர்ட்ஸ் 458 ஆகும். கனமான ஆண் குரல் மெலிசாயிடும், நாகஸ்வரம் கீச்சிடும். இசைத்தட்டுல அதே பாட்டைக் கேட்டுட்டு இதைக் கேட்டா உடனே உறைக்கும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 50 விநாடியில முடிஞ்சிரும்.

முழுநீளம்:
தம்பி மணி, இசைத்தட்டை இங்க கொண்டு வராதீங்க. 78 ஆர்.பி.எம். தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிடத்துக்கு மேல கொஞ்சம்தான் கொள்ளும். அதுக்காகச் சரணத்தைக் குறைச்சுத் தனியாப் பாடிப் பதிஞ்ச பாட்டு எத்தனை இருக்கு. படத்துல வர்றது வேற, தட்டுல வர்றது வேற. நீளத்தை எப்படி ஒப்பிடுவீங்க?

நான் ஆதாரத்தோட பேசுறேன். படத் தொடக்கத்துல தணிக்கைச் சான்றிதழ் வருதே, அதை நிறுத்திப் படிங்க. நீளம் மீட்டர்ல இருக்கும். 35 மி.மீ. பிலிம் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். 4,115 மீட்டர்னு போட்டிருந்தா 150 நிமிடம். டிஸ்க்ல 144. 6 நிமிடம் குறையுது. அரசாங்க முத்திரையே சொல்லுது, நீங்க யாரு மறுக்க?

சுருள்பெட்டி:
முத்திரை சொல்றது படம் 150 நிமிடம்னு. அதைத்தானே நானும் முதல் வரியில சொன்னேன்! டிஸ்க்ல வெட்டு இருக்கான்னு முத்திரை எப்படிச் சொல்லும்? டிஸ்க் நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்து, அப்புறம் சான்றிதழோட ஒப்பிடுங்க. 144 திரும்பவும் 150 ஆயிடும். ஒரு டிஸ்க் 138 நிமிடம்தான் ஓடுதுன்னு வைங்க, கணக்குல 143¾ தான் வரும். அங்க மிச்சம் 6¼ நிமிடம் நிஜமாவே காணோம். அப்போ சண்டை போடுங்க, நானும் கூட வர்றேன்.

முழுநீளம்:
எல்லாரும் பார்த்துக்கங்க, 6 நிமிடம் காணோம்னு சுருள்பெட்டியே எழுதிட்டார்.

சுருள்பெட்டி:
138 நிமிட டிஸ்க்குக்குச் சொன்னதைப் பிய்ச்சு 144-க்கு ஒட்டாதீங்க. 5.1 ஒலி பத்தின இழையிலயும் இதே வேலைதான் பண்ணினீங்க.

ஈஸ்ட்மன்:
இரண்டு நாளாக 6 நிமிடம், 6 நிமிடம் என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. படச்சட்டத்தில் கால்பங்கு போவதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. உயரத்தைப்போல் அகலம் 1.37 மடங்கு என்ற விகிதத்தில் எடுத்த படத்தை அகலத் திரைக்காக 1.78 ஆக நறுக்கும்போது உயரத்தில் 23 விழுக்காடு போய்விடுகிறது. நடனக் காட்சியில் பாதம் இல்லை, அண்மைக் காட்சியில் நெற்றி இல்லை. எழுத்துகள் ஓடும்போது மட்டும் முழுச் சட்டத்தையும் காட்டிவிட்டு, எழுத்து முடிந்ததும் நறுக்கத் தொடங்கும் டிஸ்க்குகளும் உண்டு. 6 நிமிடம் போனாலாவது அந்த 6 நிமிடத்தோடு முடிந்தது. இது முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை.

அடுத்த கொடுமை கிரெய்ன், அதாவது பிலிமின் இயல்பான மணிப்புள்ளிகளை, துடைப்பது. கிரெய்ன் அழுக்கு அல்ல, படமே அதனால்தான் ஆனது. அதைத் துடைத்தால் துணியின் நெசவும் தோலின் துளையும் கூடவே போய், முகம் மெழுகுபொம்மை ஆகிவிடும். கீறல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் விட்டால் மழைத்துளியையும் தீப்பொறியையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும். 'ஸ்பார்ட்டகஸ்' 2010 ப்ளூரேயில் இப்படித்தான் மெழுகாயிற்று. புதிதாக ஸ்கேன் செய்து சீரமைத்து 2015-இல் மறுபடி வெளியிட வேண்டி வந்தது. 'பேட்டன்' படத்துக்கும் 2008-இல் அதே கதி, 2012-இல் திருத்தம்.

பளபளப்பு:
ஈஸ்ட்மன் ஐயா, பெரிய டிவியில அந்தப் புள்ளி புள்ளியா நெளியறதை யார் பார்ப்பாங்க? 'பிரிடேட்டர்' 2010 ப்ளூரே பளிச்னு இருந்துச்சு, அதையும் குறை சொன்னீங்க. இயக்குநர் ஒப்புதல்னு போட்டு வந்தா அதோட விடணும். எடுத்தவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

ஈஸ்ட்மன்:
எடுத்தவர் என்றால் யார்? 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009 ப்ளூரேயின் நிறத்தை மாற்றியவர் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே. அதைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன். 2012-இல் வேறு நிறத்தில் மறுபடி வந்தது. படத்தை எடுத்த இருவரே இரு பக்கம் நிற்கும்போது, உறையில் உள்ள "ஒப்புதல்" என்ற ஒரு சொல்லை வைத்து என் வாயை அடைக்க முடியாது.

மோனோமணி:
சவுண்டையும் பேசுங்கப்பா. மோனோல, அதாவது ஒரே ஒலித்தடத்துல, பதிஞ்ச படத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு, பின்னால எதிரொலி சேர்த்து, கதவு சாத்துற சத்தத்தைக்கூடப் புதுசாப் பதிஞ்சு போடுறாங்க. இரைச்சல் நீக்குறேன்னு கத்தி வச்சா, வீணையில மீட்டின நாதம் தேஞ்சு முடியறதுக்குள்ள பட்டுனு அறுந்துடும். விநாடிக்கு 192 கிலோபிட்ல மோனோவை அப்படியே போட்டா போதும், எடமும் மிச்சம்.

எடம்னதும் ஞாபகம். ஒரே டிஸ்க்ல மூணு படம் போடுறாங்களே, 450 நிமிடத்தை 8.5 ஜி.பி.க்குள்ள அடைச்சா விநாடிக்கு 2.5 மெகாபிட்தான் தேறும். டிவிடியில வீடியோவுக்கு மட்டும் 9.8 வரை அனுமதி இருக்கு. ஒரே அடுக்கு 4.7 ஜி.பி. டிஸ்க்ல அடைச்சா 1.4-க்கும் கீழே. புகை, தண்ணி, கூட்டம்னு வந்தாலே கட்டம் கட்டமாப் பேந்துரும்.

முழுநீளம்:
எல்லாம் சரி. இன்னும் யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லல. 6 நிமிடம் எங்க? ப்ளூரேயில 24 ஃபிரேம் அப்படியே ஓடும், வேகம்கிற சாக்கே கிடையாது. அதுலயும் 144 காட்டுற டிஸ்க் இருக்கே, அதுக்கு என்ன சொல்வார் சுருள்பெட்டி?

சுருள்பெட்டி:
சொல்றேன், குறிச்சு வச்சுக்கங்க. ப்ளூரேயில 24-ம் போடலாம், 50 ஃபீல்டும் போடலாம். 25 ஃபிரேம்ல செஞ்ச பழைய எச்.டி. மாஸ்டரைத் தூசி தட்டி எடுத்து அப்படியே ஏத்தினா 1080i 50-ன்னு (1080 கோடு, விநாடிக்கு 50 ஃபீல்டு) வரும். கோப்பு விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ மென்பொருள்ல திறந்து பாருங்க, ஃபிரேம் ரேட் 25.000, இன்டர்லேஸ்டு (ஃபீல்டு ஃபீல்டா)ன்னு காட்டும். அங்கேயும் அதே 4 விழுக்காடு வேகம், அதே 144.

சரியான வேகத்துல பார்க்கணும்னா வி.எல்.சி.யில வேகத்தை 0.96-ன்னு வைங்க. அது மட்டும் போதாது. ஆடியோ அமைப்புல டைம் ஸ்ட்ரெச்சிங்னு ஒண்ணு இருக்கும், அதை அணைக்கணும். அணைக்கலன்னா படம் மெதுவாகும், சுருதி ஏறினபடியே நிக்கும். 144 நிமிடம் அப்படியே 150 ஆகிறதைக் கடிகாரத்துல பார்த்துக்கலாம்.

முழுநீளம்:
0.96-ல ஓட்டினா எந்தப் படமும்தான் நீளும்! ரப்பரை இழுத்துட்டு நீளம் கூடிடுச்சுன்னு காட்டுறீங்க. சுருதியே ஏறாத 144 நிமிட டிஸ்க்கும் உண்டு, அதுக்கு என்ன?

சுருள்பெட்டி:
மாஸ்டர் பண்ணும்போதே ஹார்மனைசர்ங்கிற சுருதி மாத்துற கருவி போட்டுச் சுருதியை இறக்கியிருப்பாங்க. சுருதி இறங்கும், தாளம் இறங்காது. மணி சொன்ன காது சோதனை அங்க எடுபடாது. அப்போ தியேட்டர் ஆபரேட்டருக்காகப் பிலிம்ல போட்ட ரீல் மாத்துற குறியைப் பாருங்க. வலது மேல் மூலையில நாலு ஃபிரேமுக்கு ஒரு வட்டம் மின்னும், ஏறக்குறைய 7 விநாடி கழிச்சு இன்னொண்ணு. வேகம் ஏறின டிஸ்க்ல அந்த இடைவெளி 6.7 விநாடியாக் குறையும். கைக்கடிகாரத்தை நம்பாதீங்க, ஃபிரேமை எண்ணுங்க.

வெட்டைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கு. பிலிம் பிரிண்ட்ல படமும் ஒலியும் ஒரே இடத்துல இருக்காது, ஒலி 20 ஃபிரேம் முன்னால தள்ளி இருக்கும். பிரிண்ட் அறுந்து ஒட்டினதுன்னா முதல்ல படம் துள்ளும், முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல கழிச்சு ஒலி துள்ளும். டிஸ்க் போட்டவன் வீடியோவுல வெட்டினா ரெண்டும் ஒண்ணாத் துள்ளும். 144 நிமிடமும் இப்படிப் பார்த்துட்டு, எந்த நிமிடம் எந்த விநாடியில ரெண்டும் ஒண்ணாத் துள்ளுதுன்னு ஒரே ஒரு இடத்தை எழுதுங்க. அதுவரைக்கும் நான் வேகம்னுதான் சொல்வேன்.

முழுநீளம்:
நீங்களே குழி வெட்டிக்கிட்டீங்க. ரீல் முடியுற இடத்துல ரெண்டாவது வட்டமே வராத டிஸ்க் எவ்வளவு! ரீல் கடைசியில பிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்? ரீலுக்குக் கொஞ்சம், ரீலுக்குக் கொஞ்சம்னு போய்த்தான் 6 நிமிடம்.

சுருள்பெட்டி:
ரீல் கடைசியில பிய்யுறது விநாடிக் கணக்கு. ரெண்டாவது வட்டத்துக்கு அப்புறம் ஒரு விநாடிகூட மிச்சம் கிடையாது. 150 நிமிடத்துக்கு 1,000 அடி ரீல் 14 வரும். ரீலுக்கு 2 விநாடி போனாலும் மொத்தம் 28 விநாடி. 6 நிமிடம் போகணும்னா ரீலுக்கு 25 விநாடிக்கு மேல பிஞ்சிருக்கணும், வசனமே நடுவுல அறுந்து தொங்கும். அதுவும் கச்சிதமா 144-ல வந்து நிக்குமா? 120 நிமிடப் படம் 115-லயும், 175 நிமிடப் படம் 168-லயும், எல்லாப் படமும் அதே விகிதத்துல பிய்யுமா?

பளபளப்பு:
எப்படிப் போனா என்ன, புதுசா 4கே வந்தா எல்லாம் சரியாயிடும்.

ஈஸ்ட்மன்:
பழைய டேப்பைப் பெரிதாக்கி 4கே என்று உறையில் அச்சடித்தால் ஒன்றும் சரியாகாது. நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்ததா என்று முதலில் கேளுங்கள். பிரிண்டிலிருந்து எடுத்தால் நிழல் பகுதிகள் கரிபிடித்துத்தான் இருக்கும். நறுக்கிய 23 விழுக்காட்டுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முழுநீளம்:
உங்க 23 அப்புறம் வரட்டும். சான்றிதழ்ல 4,115 மீட்டர், டிஸ்க்ல 144 நிமிடம். 6 நிமிடம். எழுதி வச்சுக்கங்க.

சுருள்பெட்டி:
எழுதி வச்சாச்சு. 144-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்து, பக்கத்துலயே விடையையும் எழுதி வச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணாத் துள்ளுற இடம் எத்தனாவது நிமிடம்னு நீங்க இன்னும் எழுதல.