39 வயசுல ஆங்கில மெயிலைத் திருத்தமா எழுத எந்த இலக்கணம் முதல்ல படிக்கணும்?

ஆத்தூர்_ஆபீஸ்:
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை ஆபீஸ்ல வேலை. மகாராஷ்டிரா, குஜராத் வியாபாரிகளுக்குத் தினமும் ஏழெட்டு மெயில் போகும். பள்ளிக்கூடத்தோட இலக்கணம் விட்டுப்போச்சு. நேத்து போனதுல ஒரு வரி:

'வீ ஹாவ் லோடட் 200 பேக்ஸ் அண்ட் மேட் பில் அண்ட் கிவன் டு டிரைவர் யெஸ்டர்டே, த குவாலிட்டி ஆஃப் த பேக்ஸ் ஆர் குட்.'

எங்கயோ தப்புன்னு தெரியுது, எங்கேன்னு தெரியல. புத்தகத்தை முதல் பக்கத்துலேர்ந்து படிக்கணுமாங்க? தினம் அரை மணி ஒதுக்க முடியும்.

அஸ்தம்பட்டி_வாத்தியார்:
முதல் பக்கம் வேண்டாங்க. நவுன், வெர்ப்னு பிரிக்கத் தெரிஞ்சதால மட்டும் யாருக்கும் எழுத்து திருந்தறதில்ல. உங்க வரியையே பாருங்க, பெரும்பாலான தப்பு தமிழ்ப் பழக்கத்துலேர்ந்து வருது.

'நேத்து அனுப்பியிருக்கோம்' தமிழ்ல சரி. ஆங்கிலத்துல 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்'னு முடிஞ்ச நேரத்தைச் சொல்லிட்டா 'ஹாவ்' வரக்கூடாது. 'வீ லோடட்' போதும்.

'டிரைவர்கிட்ட கொடுத்தாச்சு'ன்னா எதைன்னு நாம கேக்க மாட்டோம். ஆங்கிலம் கேக்கும்: 'கேவ் இட் டு த டிரைவர்'.

அடுத்தது 'குவாலிட்டி... ஆர்'. இதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. 'மூட்டைகளோட தரம் நல்லாயிருக்கு'ங்கும்போது தரம் வினைக்குப் பக்கத்துல நிக்குது, அதனால தமிழ்ல தப்பு வராது. ஆங்கிலத்துல குவாலிட்டி முன்னாடி போயிடுது, 'பேக்ஸ்' வினையை ஒட்டி வந்து உக்காருது, கை தானா 'ஆர்' போடுது. 'ஆஃப்'லேர்ந்து 'பேக்ஸ்' வரைக்கும் விரலால மறைச்சுட்டுப் படிங்க, 'ஈஸ்'னு வாய் தானா சொல்லும்.

அப்புறம் நீளம். 'ஏத்தி, பில் போட்டு, கொடுத்து'ன்னு எச்சமா அடுக்கறது நமக்கு இயல்பு; அங்க அதை 'அண்ட்' தாங்காது. ரெண்டு வேலைக்கு மேல போனா முற்றுப்புள்ளி வைங்க. 'யெஸ்டர்டே'க்கு அப்புறமும் கமா இல்ல, முற்றுப்புள்ளிதான்.

அனுப்பின மெயில்ல கடைசி 20-ஐ பிரின்ட் எடுங்க. தப்புக்குப் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க: காலம்னா கா, ஒருமை பன்மைன்னா ஒ, 'டு', 'அபவுட்' மாதிரி உருபுன்னா உ. எது அதிகமோ அந்தப் பாடத்தை மட்டும் புத்தகத்துல படிச்சு, ரெண்டு வாரம் போற மெயில்ல எல்லாம் அதை மட்டும் தேடுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல தேடினா ஒண்ணும் கண்ணுல படாது.

ஏற்காடு_களம்:
வாத்தியார் சொன்னதுல 'உ' வகை நம்மாளுங்களுக்கு அதிகம். 'விலையைப் பத்திப் பேசினோம்'னு மனசுல ஓடறதால 'டிஸ்கஸ்ட் அபவுட் த ரேட்'. 'உங்களுக்குத் தெரிவிக்கறோம்'னு ஓடறதால 'இன்ஃபார்ம் டு யூ'. ரெண்டுலயும் நடுச்சொல் வேண்டாம். ஆனா 'ரிப்ளை'க்கு 'டு' வேணும். இதை விதியா படிக்காதீங்க, வினையோட சேர்த்தே எழுதிப் பழகுங்க.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி போடற 'ய', 'த' விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளுங்க. தமிழ்ல அப்படி ஒண்ணு இல்லாததால ரொம்ப நாள் இழுக்கும். இப்போதைக்கு ஒண்ணு போதும்: சாகோ (ஜவ்வரிசி), காஃபி மாதிரி மொத்தச் சரக்குக்கு 'ய' போடாதீங்க, மூட்டைக்குப் போடுங்க, 'ய பேக் ஆஃப் காஃபி'. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்'டுக்கு 'எஸ்' சேர்க்கறதும் இதே குழப்பம்தான்.

ஆத்தூர்_ஆபீஸ்:
நன்றிங்க. 20 மெயில்ல 'கா'தான் அதிகம். திருத்தின வரி: 'ஆஃப்டர் லோடிங் 200 பேக்ஸ், த லாரி லெஃப்ட் யெஸ்டர்டே. த குவாலிட்டி ஈஸ் குட்.'

அஸ்தம்பட்டி_வாத்தியார்:
காலம் சரியாயிடுச்சு. ஆனா இதுல லாரியே மூட்டை ஏத்தின மாதிரி ஆகுது. 'மழை பெய்து குளம் நிறைந்தது'ன்னு பெய்தது ஒண்ணு, நிறைஞ்சது ஒண்ணா தமிழ் விடும். ஆங்கிலத்துல 'ஆஃப்டர் லோடிங்'னு ஆரம்பிச்சா கமாவுக்கு அடுத்து வர்ற பெயர்தான் ஏத்தின ஆள். 'வீ லோடட் 200 பேக்ஸ் யெஸ்டர்டே, அண்ட் த லாரி லெஃப்ட் அட் 6 பி.எம்.'னு போடுங்க.