மறு: மெட்டீரியாலிட்டி – பொருண்மையா, பொருட்பாடா?

வணக்கம். நிறுவன அறிக்கைகளில் வரும் 'மெட்டீரியாலிட்டி'க்கு, அதாவது ஒரு விஷயம் அறிக்கையில் இடம்பெறும் அளவுக்கு முக்கியமா என்பதற்கு, 'பொருட்பாடு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பொருண்மை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

இருக்கிறது ஐயா, சிக்கலே அதுதான். இயற்பியல்காரர்களுக்கு அது நிறை, மொழியியலாருக்குச் சொற்பொருள். நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கையிலும் (சூழல், சமூகம் சார்ந்த விஷயங்களைச் சொல்லும் அறிக்கை) அதையே போட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அறிக்கை எழுதுபவர் தனக்குத் தானே கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த விஷயம் பொருட்படுத்தத் தக்கதா, இல்லையா? அதற்கான வினை நம் பேச்சிலேயே இருக்கிறது. வேறுபடு – வேறுபாடு, கட்டுப்படு – கட்டுப்பாடு. அந்த வரிசையில் பொருட்படு – பொருட்பாடு.

> முக்கியத்துவம் என்று விட்டுவிடலாமே?

பேச்சில் விடலாம். கலைச்சொல்லாக அது போதாது. பொருட்படுத்துவதென்றால் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். இந்தத் துறையின் சண்டை முழுக்க அந்த ஆள் யார் என்பதில்தான். 2023 ஜூனில் வந்த ஐ.எஸ்.எஸ்.பி. (பன்னாட்டு நிலைத்தன்மைத் தர வாரியம்) தரங்களில் அந்த ஆள் முதலீட்டாளரும் கடன் கொடுப்பவரும். ஒரு தகவலை விட்டாலோ திரித்தாலோ மூடி மறைத்தாலோ அவர்கள் முடிவு மாறக்கூடும் என்றால் அது பொருட்படும். இதே வகை அறிக்கைக்கான இன்னொரு பன்னாட்டு அமைப்பான ஜி.ஆர்.ஐ.யின் தரங்கள் எதிர்ப்பக்கம் நிற்கின்றன: நிறுவனத்தால் பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் மக்களுக்கும் நேர்வதில் எது பெரிது என்று பார்க்கின்றன. நிலைத்தன்மை அறிக்கை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நெறிமுறை இரண்டையும் கேட்கிறது. அந்த டபுள் மெட்டீரியாலிட்டிக்கு 'இருவழிப் பொருட்பாடு' என்பது என் முன்மொழிவு. பிரித்துச் சொல்ல நிதிவழிப் பொருட்பாடு, தாக்கவழிப் பொருட்பாடு.

'இரட்டை' வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், இரண்டும் தனித்தனியாக நிற்பதில்லை. நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு பல ஆண்டுகள் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளின் பாடாகத்தான் இருந்தது. கிணறும் வயலும் கெட்டது அவர்களுக்கு; பட்டறைகளின் வரவு செலவில் அதற்கு ஒரு வரி கிடையாது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு அதே கழிவு நிதிவழியாகவும் பொருட்பட்டது. ஒரு வழியில் போனது மறு வழியில் திரும்பி வந்தது. முதலீட்டாளரின் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால், பட்டறைகளுக்குப் பண இழப்பு வரும்வரை இது அறிக்கையில் ஏறியே இருக்காது. விவசாயி எதிர்பார்ப்பது அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் கணக்கை.

(அந்தப் பட்டறைகள் பெரும்பாலும் பங்குச்சந்தையில் இல்லாதவை, இப்படி அறிக்கை கொடுக்கும் கடமையே அவற்றுக்கு இல்லை என்று யாராவது சொல்வார்கள். சரிதான். கருத்தை விளக்கத்தான் சொன்னேன்.)

நம் நாட்டுப் படிவம் எந்தப் பக்கம்? பங்குச்சந்தை ஒழுங்காணையமான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கைப் படிவம்) 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். அதில் பொருட்படும் விஷயங்களைப் பட்டியலிடச் சொல்லும் இடத்தில், ஒவ்வொன்றும் ஆபத்தா வாய்ப்பா, நிதி விளைவு சாதகமா பாதகமா என்று கேட்கிறார்கள். என் கணிப்பில் இது நிதிவழிக்கே சாய்கிறது. ஆனால் அதே படிவத்தின் புகார் அட்டவணையில் ஊர் மக்களுக்கு ஒரு வரிசை, தொழிலாளர்களுக்கு ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, பங்குதாரர்களுக்கு ஒன்று.

இதனால்தான், நிறுவனத்தோடு தொடர்புள்ள எல்லாத் தரப்பினரையும் குறிக்கும் ஸ்டேக்ஹோல்டருக்கு நாளிதழ்கள் 'பங்குதாரர்' என்று எழுதும்போது எரிச்சல் வருகிறது. ஷேர் வைத்திருப்பவருக்கும் அதே சொல்! அந்த அட்டவணையைத் தமிழில் கொடுத்தால் தலைப்பிலும் பங்குதாரர், உள்ளே ஒரு வரிசையிலும் பங்குதாரர். நல்ல சொல் அமையும்வரை 'சம்பந்தப்பட்டோர்' என்றே எழுதலாம். அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.

> மெட்டீரியல் என்ற அடைமொழிக்கு என்ன செய்வது?

'பொருட்படும்'. எதிர்ச்சொல் 'பொருட்படாத'. மெட்டீரியாலிட்டி அசெஸ்மென்ட் என்பதைப் 'பொருட்பாட்டு மதிப்பீடு' என்று வைத்துக்கொள்ளலாம். தணிக்கையாளர்கள் தொகையில் வைக்கும் வரம்புக்கும், அதாவது இத்தனை ரூபாய்க்குக் கீழே பிழை இருந்தால் விட்டுவிடலாம் என்பதற்கும், இதே சொல் ஒத்துவருமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். 'பொருட்பாட்டு வரம்பு' காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. குழுவில் உள்ள கணக்காயர்கள் யாராவது சொல்லுங்கள்.