சார்ஜ் ஏறாத வயர்லெஸ் மவுஸ், வகுப்பு நேரத்தில் மட்டும் துள்ளும் அம்பு: பற்றரிதான் காரணமா?

வெள்ளவத்தை ரீச்சர்:
வணக்கம். வீட்டிலிருந்து உயர்தர மாணவர்களுக்கு ஸூம் வழியாக இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சார்ஜ் செய்து பாவிக்கும் வயர்லெஸ் மவுஸ் ஒன்றைப் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வாங்கினேன். யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர், புளூடூத் இரண்டும் உள்ள வகை. முன்பக்கத்தில் டைப் சி துளை இருக்கிறது.

இப்போது இரண்டு கரைச்சல். புது லப்டொப்போடு வந்த சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறுவதில்லை, சிவப்பு லைட் கூட எரிவதில்லை. மற்றது, வகுப்பு நடக்கும்போது திரையில் அம்பு துள்ளுகிறது. சில நேரம் அப்படியே உறைந்து நின்றுவிட்டு வேறெங்கோ போய் நிற்கும். சேதன இரசாயனத்தில் பொறிமுறை வரைந்து காட்டும்போது இதைப் பொறுக்க முடியவில்லை. இலத்திரன் நகர்வைக் காட்டும் அம்பு ஒரு பிணைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மவுஸ் துள்ளினால் பக்கத்துக் காபனில் போய் நிற்கிறது. பிள்ளைகள் அதையே கொப்பியில் வரைந்து கொள்கிறார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் மின்னஞ்சல் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை.

கடையில் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பற்றரி செத்துப்போச்சு, திருத்தேலாது, புதுசு எடுங்கோ" என்றார்கள். வொரண்டி இன்னும் முடியவில்லை. நல்ல பொருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. உண்மையாகவே பற்றரிதானா?

தெஹிவளைத் தம்பி:
அக்கா, மேசைக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? மவுஸின் அடியில் இருக்கும் சென்சர் மேசைப் பரப்பை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அசைவைக் கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு தாளையாவது கீழே வைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வயர் மவுஸ் ஒன்று எடுப்பதுதான் நிம்மதி.

மருதானை திருத்துநர்:
கண்ணாடி என்றால் மின்னஞ்சல் பார்க்கும்போதும் துள்ள வேண்டும். வகுப்பில் மட்டும் வருகிறது என்பதுதான் முக்கியமான தடயம். ரீச்சர், சில விஷயம் சொல்லுங்கள். சார்ஜர் வயரின் இரண்டு முனையும் டைப் சியா, அல்லது ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பியா? வகுப்பு நேரத்தில் லப்டொப்பில் மேலதிகமாக என்ன செருகுகிறீர்கள்? ரிசீவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

வெள்ளவத்தை ரீச்சர்:
மேசையில் துணி மேட் போட்டுத்தான் பாவிக்கிறேன் தம்பி. திருத்துநர் அண்ணா, வயரின் இரண்டு முனையும் டைப் சி. வகுப்பைப் பதிவு செய்வதற்கு வெளி எஸ்எஸ்டி ஒன்றைச் செருகுவேன், லப்டொப்பில் இடம் போதாது. ரிசீவரும் அதே பக்கத்தில், எஸ்எஸ்டி வயருக்குப் பக்கத்துத் துளையில். மறுபக்கத்துத் துளையில் ஹெட்செட் இருக்கும்.

மருதானை திருத்துநர்:
அப்படியென்றால் உங்கள் பற்றரி செத்திருக்காது. இரண்டு கரைச்சலும் வேறு வேறு.

சார்ஜை முதலில் பார்ப்போம். பழைய அகலமான யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் எப்போதும் நிற்கும், எதைச் செருகினாலும் போகும். டைப் சி அப்படியில்லை. மறுமுனையில் உண்மையிலேயே சார்ஜ் கேட்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதைத் தெரிவிப்பதற்குக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் தடையிகள் இரண்டு இருக்க வேண்டும். மலிவான மவுஸ், டோர்ச், சின்ன ஃபேன் பலவற்றில் இந்தத் தடையிகளைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சில சதம் மிச்சம் பிடிக்கிற வேலை. பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது: 2019 இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில் இரண்டு தடையிக்குப் பதிலாக ஒன்றைப் பொதுவாக வைத்ததால், சில வகை டைப் சி வயர்களில் அது மின்சாரமே எடுக்கவில்லை. பிறகு வந்த பதிப்பில் திருத்தினார்கள்.

ஆகவே ஒரு முனை அகலமான யூஎஸ்பி, மறுமுனை டைப் சி உள்ள வயரை எடுங்கள். மவுஸ் பெட்டிக்குள் வந்த குட்டை வயர் அதுவாகத்தான் இருக்கும். பழைய போன் சார்ஜரிலோ லப்டொப்பின் அகலமான துளையிலோ செருகி, குறைந்தது ஒரு மணித்தியாலம் கைவைக்காமல் விடுங்கள். பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் சிப் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தில்தான் ஏற்றும். லைட் உடனே எரியாவிட்டால் பதற வேண்டாம்.

இனி அம்பு துள்ளுவது. உங்கள் ரிசீவர் 2.4 கிகாஹேர்ட்ஸில் கேட்கிறது. யூஎஸ்பி 3 வேகத்தில் தரவு ஓடும்போது வயரிலிருந்தும் செருகியிலிருந்தும் கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012 இல் இதைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் ரிசீவருக்கு, மீன் சந்தைக்குள் நின்று போன் கதைக்கிற நிலைமைதான். மவுஸ் அனுப்பும் செய்தி இடையிடையே தொலைகிறது. பதிவு இல்லாத நேரத்தில் இரைச்சலும் இல்லை, துள்ளலும் இல்லை.

ரிசீவரை எஸ்எஸ்டிக்குப் பக்கத்திலிருந்து விலக்க வேண்டும். முதலில் ஹெட்செட்டை இந்தப் பக்கமும் ரிசீவரை அந்தப் பக்கமும் மாற்றிப் போடுங்கள். அது போதாவிட்டால் யூஎஸ்பி 2 நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி, ரிசீவரை மவுஸ் மேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். புறக்கோட்டையில் தேடினால் எடுக்கலாம். யூஎஸ்பி 3 நீட்டிப்பு என்று விலை கூடியதைக் காட்டுவார்கள், உங்களுக்கு அது தேவையில்லை.

கொட்டாஞ்சேனை கணக்காளர்:
நீட்டிப்பு வயர் வேலை செய்யும். எங்கள் அலுவலகத்தில் லப்டொப் டொக்குக்கு (பல துளைகள் உள்ள இணைப்புப் பெட்டி) பின்னால் ரிசீவரைச் செருகியவர்கள் எல்லோருக்கும் இதே கதை. முன்னுக்கு எடுத்த பிறகு முறைப்பாடு நின்றது.

வேறொன்றும் சொல்ல வேண்டும். ரிசீவரை விட்டு புளூடூத்துக்கு மாறலாம் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான், முழுத் தீர்வு இல்லை. அதோடு விண்டோஸ், மின்சாரம் சேமிக்கிறேன் என்று புளூடூத்தை உறங்க வைத்துவிடும். கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு வந்தால் மவுஸ் விழிக்கச் சுணங்கும். டிவைஸ் மனேஜரில் புளூடூத் அடப்டரின் பவர் மனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கணினி இதை அணைக்கலாம் என்ற சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அது குறையும்.

பவர் பேங்க்கில் மவுஸ் சார்ஜ் செய்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2022 மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் எல்லாவற்றையும் பவர் பேங்க்கில்தான் ஏற்றினோம். மவுஸ் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல பவர் பேங்க்குகள் ஒன்றும் செருகவில்லை என்று நினைத்து இடையில் தாங்களாகவே நின்றுவிடும். அதைப் பார்த்தும் பற்றரி பழுது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வெள்ளவத்தை ரீச்சர்:
அண்ணாமார் இருவருக்கும் மிகவும் நன்றி. பெட்டிக்குள் இருந்த குட்டை வயரைத் தேடி எடுத்து, அம்மாவின் பழைய போன் சார்ஜரில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு லைட் எரிந்தது, பிறகு பச்சையாக மாறியது. பற்றரி உயிரோடு இருக்கிறது!

துளைகளை மாற்றிப் போட்டதில் துள்ளல் பாதி குறைந்தது. நீட்டிப்பு வயர் போட்ட பிறகு நேற்று வகுப்பு முழுக்க ஒரு துள்ளலும் இல்லை. பென்சீன் வளையத்தில் அம்பு வைத்த இடத்திலேயே நின்றது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. புதிதாக வாங்கியபோது நின்ற அளவுக்கு இப்போது சார்ஜ் நிற்பதில்லை என்று நினைக்கிறேன். முழு நேரமும் வயரோடு செருகியே வைத்திருந்தால் நல்லதா? வேக சார்ஜரில் போட்டால் பழுதாகுமா?

மருதானை திருத்துநர்:
வேக சார்ஜர் மவுஸுக்குள் மின்சாரத்தைத் தள்ளாது. எவ்வளவு எடுப்பது என்று மவுஸில் உள்ள சிப்தான் தீர்மானிக்கும். கெடுதல் இல்லை, வேகமும் இல்லை.

எப்போதும் செருகியே வைப்பது நல்லதல்ல. லிதியம் பற்றரி முழுதாக ஏறிய நிலையில் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் சூடும் சேர்ந்தால்தான் கெதியாக முதுமை அடைகிறது. நம்முடைய கொழும்பு வெயிலில் ஜன்னலோரம், லப்டொப்பின் சூட்டுக் காற்று வரும் பக்கம் இரண்டும் வேண்டாம். நீண்ட விடுமுறைக்கு வைத்துவிட்டுப் போவதென்றால் பாதியளவு ஏற்றி, அடியில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடப்பது எல்லாவற்றையும் விட மோசம். மவுஸில் வண்ண லைட் இருந்தால் அதை நிறுத்துங்கள், பற்றரியை அதிகம் தின்பது அதுதான்.

தெஹிவளைத் தம்பி:
அண்ணா, பிற்காலத்தில் பற்றரி உண்மையாகவே போனால் மாற்றலாமா? என்னுடையது ஒன்று அப்படிக் கிடக்கிறது.

மருதானை திருத்துநர்:
பெரும்பாலும் மாற்றலாம் தம்பி. உள்ளே தட்டையான 3.7 வோல்ட் பற்றரி இருக்கும், மேலே 6 இலக்க எண் ஒன்று. 302030 என்றால் 3 மில்லிமீற்றர் தடிப்பு, 20 அகலம், 30 நீளம். அதே எண்ணைச் சொல்லிக் கேட்டால் எடுக்கலாம். பாதுகாப்புச் சுற்று உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், சிவப்பு கறுப்பு வயரை மாற்றி ஒட்டிவிடாதீர்கள். பழகாத கையென்றால் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ரீச்சர், நீங்கள் மட்டும் திறக்க வேண்டாம்; ஸ்டிக்கர் கிழிந்தால் வொரண்டி இல்லை என்பார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உண்மையான பழுது வந்து கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

தம்பி, உங்களுடையதைத் திறப்பதற்கு முன் மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அடித்தட்டு உப்பியிருந்தாலோ, கிளிக் பட்டன் திடீரென இறுகியிருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அப்படியானால் சார்ஜில் போடாதீர்கள், ஊசி கத்தி எதையும் அதில் படவிடாதீர்கள். குப்பை லொறிக்கும் கொடுக்க வேண்டாம், நசுங்கினால் தீப்பிடிக்கும். மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதித்த மின்னணுக் கழிவு சேகரிப்பாளர்களிடம் கொடுங்கள்.