பல துறை சேர்ந்த சமூக அறிவியல் பி.ஏ.: களப்பணியில் யாரைச் சந்தித்தீர்கள்?

ஏற்காட்டு அடிவாரம்:
எங்களுக்கு முதல் வருஷம் வரலாறு, பொருளியல், சமூகவியல், அரசியல் நான்கும் பொது. ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமத்துக்குக் காப்பித் தோட்டக் கூலியைப் பற்றி விசாரிக்கப் போனோம். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டே ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அப்புறம் அவர் முறை: “நாங்க மலையாளி ஜனம், கேரளாக்காரங்க இல்ல, இந்த மலை ஜனம். எங்களுக்கு எஸ்.டி. சர்டிபிகேட் உண்டு. பர்கூர் மலையில இருக்கிறதும் எங்க ஜனந்தான். அவங்களுக்குக் கிடையாதுங்கிறாங்க, ஏன் கண்ணு?”

ஒரு பாடத்துக்குள் அடங்குகிற கேள்வியா இது! 1976-ல் திருத்திய பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு சேலம், தருமபுரி என மாவட்டப் பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோவை அதில் இல்லை. பர்கூர் அன்று கோவையில் இருந்தது, 1979-ல் ஈரோட்டுக்குப் போனது. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லில் இருக்கும் கொல்லிமலைக்காரர்களுக்கோ, பட்டியல் திருத்தியபோது சேலத்தில் இருந்ததால், சிக்கலே இல்லை. காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும், நடு அண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக அந்த ஜனங்கள் சொல்லும் கதையில் மாவட்ட எல்லை ஏது? கூலிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இதையே ஆய்வறிக்கையாக எழுதினேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எனக்குக் களப்பணி வெள்ளிக் கொலுசு செய்யும் தெருவில். ஒரு அக்கா தட்டை மடியில் வைத்துச் சலங்கை கோத்தபடியே, “வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்லதான் சும்மா இருக்கேன்” என்றார். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். சமூகவியல் மேடம் படிவத்தைத் திருப்பித் தந்து, வெள்ளியை யார் கொண்டுவந்து கொடுக்கிறார், கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்டு வரச் சொன்னார். கூலி மாமியார் கைக்குப் போகிறதாம். பொருளியல் அட்டவணையில் இதற்குக் கட்டமே இல்லை.

ஆத்தூர் அக்கா:
நல்ல படிப்புதான், மறுக்கவில்லை. குரூப் 2 எழுதப் பொதுவாக ஏதாவது ஒரு டிகிரி போதும். ஆனால் பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் வரலாறு ஆசிரியராக நினைத்தால், இந்தப் பட்டம் பி.ஏ. வரலாற்றுக்குச் சமம் என்று அரசாணை கேட்பார்கள். என்னோடு படித்தவள் சான்றிதழ் சரிபார்ப்பில் அதற்காகத்தான் திரும்பி வந்தாள். சேரும் முன்பே அரசாணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். “அது வந்துடும்மா” என்றால் நம்பாதீர்கள்.